பன்றிக்கு ஒட்டாத ஜிங்க்

பன்றிக்குத் தாது உப்பு விற்கிறவன் என்று சொன்னால் எவரும் பெண் கொடுக்க மாட்டார்கள். தெரியாத்தனமாகக் கொடுத்துவிட்டவர்கள், கல்யாண வீட்டில் "மாப்பிள்ளை ஃபார்மா லைன்ல இருக்காரு" என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் பந்திக்கு எழுந்து போய்விடுவார்கள். என் மாமனார் இன்றுவரை அப்படித்தான் பந்திக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறும் ரெப் தோழர்களே, பற்பசை விற்றாலும் பாலிசி விற்றாலும் நம் எல்லோருக்கும் தலையெழுத்து ஒன்றுதான். ஆனாலும் கேட்கிறேன், உங்கள் வீட்டில் உங்களை வாசலிலேயே நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொல்கிறார்களா? என் வீட்டில் அதற்கென்றே குழாயடியில் ஒரு பக்கெட் இருக்கிறது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை, இந்தப் பக்கம் ராயக்கோட்டை ரோடு, அந்தப் பக்கம் போச்சம்பள்ளி, எல்லாம் என் ஏரியா. பெங்களூர்க்காரர் சாப்பிடுகிறார், நம் ஊர்க்காரர் வளர்க்கிறார், நடுவில் நான் பைக்கில் நாறுகிறேன்.

நான் விற்பது ஜிங்க். தமிழில் துத்தநாகம் என்று சொல்லலாம்தான். அப்படிச் சொன்னால் பண்ணைக்காரர் ஏதோ விஷம் என்று நினைத்துக் கதவைச் சாத்துகிறார். ஜிங்க் என்றால் சேர் எடுத்துப் போடுகிறார். தோல் நன்றாக இருக்க, குட்டி வளர, புண் ஆற, பன்றிக்கு அது வேண்டும். சிக்கல் என்னவென்றால் தின்றதெல்லாம் உடம்பில் சேராது. கொஞ்சம் ஒட்டும், மிச்சம் சாணியில் வந்துவிடும். எவ்வளவு ஒட்டும், எவ்வளவு வெளியே வரும் என்பதில்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது.

மூன்று மூடி

எங்கள் கம்பெனியில் மூன்று டப்பா. வெள்ளை மூடி ஆக்சைடு: விலை குறைவு, லேசில் கரையாது, பெரும்பாலும் ஒரு பக்கம் போய் இன்னொரு பக்கம் வந்துவிடும். பச்சை மூடி சல்பேட்: நன்றாகக் கரையும், கூடுதலாக ஒட்டும். தங்க மூடி என்பது ஜிங்கைப் புரதத் துணுக்கோடு கட்டி அனுப்புவது. கூட்டத்தில் ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிற மாதிரி, குடலில் வேறு எது மறித்தாலும் உள்ளே நுழைந்துவிடும் என்பது பேச்சு. சில தீவனத்தில் அப்படி நடக்கும். சில தீவனத்தில் பச்சைக்கும் தங்கத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இருக்காது. இது நான் தனியாகப் படித்துத் தெரிந்துகொண்டது. கம்பெனி நோட்டீஸில் தங்க மூடிக்குப் பின்னால் சூரியன் உதிக்கும், அவ்வளவுதான்.

எங்கள் ஏரியா மேனேஜர் பிரவீண் சார், சென்னைக்காரர், இதற்கு முன்னால் செல்போன் சிம் விற்றவர். ஓசூரில் ஒரு ஹோட்டல் மாடியில் எங்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். கீழே பிரியாணி வாசனை வந்துகொண்டிருந்த நேரத்தில், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் நான் எழுந்து, "சார், தீவனத்துல வேற என்ன கலந்திருக்குங்கறதப் பொறுத்து ஜிங்க் ஒட்டறது மாறுமே, அதைப் பண்ணைக்காரர்கிட்ட எப்படிச் சொல்றது?" என்று கேட்டுத் தொலைத்தேன். கூட இருந்த ரெப்புகள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். பிரவீண் சார் மட்டும் சிரித்தார்.

"பன்னி வயித்துக்குள்ள யாருங்க போய்ப் பாத்தாங்க? டப்பா பண்ணைக்குள்ள போச்சா, அதை மட்டும் பாருங்க."

எருவுக்குப் போட்ட மருந்து

சூளகிரி பக்கம் ஒரு பெரிய பண்ணை. முதலாளி மனை போட்டு விற்றவர். மனை விற்காத வருஷத்தில் பன்றிக்கு மாறினார். அவர் வெள்ளை மூடியை மூட்டைக் கணக்கில் வாங்குவார். எதற்கும் அதுதான், எல்லாப் பன்றிக்கும் அதுதான், எப்போதும் அதுதான். ஒரு நாள் நல்ல மனநிலையில் இருந்தார் போல, என்னை உட்காரவைத்து, "நீ படிச்சவன், சொல்லு. இதுல எவ்ளோ உடம்புல சேரும்?" என்று கேட்டார்.

எனக்கும் அன்றைக்கு நேரம் சரியில்லை. ஆக்சைடில் சேருவது கொஞ்சம்தான், மிச்சம் சாணியோடு போய்விடும், அந்த எருவை வருஷக்கணக்கில் ஒரே நிலத்தில் கொட்டினால் மண்ணுக்கும் நல்லதில்லை என்று உள்ளதைச் சொன்னேன். அவர் எருவை முழுக்கத் தக்காளித் தோட்டக்காரர்களுக்கு விற்கிறார். கணக்கு நோட்டை எடுத்துப் புரட்டினார். நிறுத்தப்போகிறார், எருவை விற்க மாட்டார் என்றெல்லாம் நான் நினைத்தேன். என்னைச் சொல்ல வேண்டும்!

"அப்ப எருவுல சத்து சேத்தி விக்கறேன்னு சொல்லு! அடுத்த லோடுல இருந்து ரேட்ட ஏத்திற வேண்டியதுதான்."

ஹெச்.ஆர். மேடம்

உத்தனப்பள்ளியிலிருந்து உள்ளே போகும் மண் ரோட்டில் நஞ்சுண்டப்பாவின் பண்ணை. பண்ணை என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு ஆண் பன்றி, கொஞ்சம் தாய்ப் பன்றிகள், அதுகளின் குட்டிகள். நஞ்சுண்டப்பா ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் தொழிலாளியாக இருந்தவர். அங்கே ஒரு உற்பத்தி லைனை மூடியபோது வெளியே அனுப்பிவிட்டார்கள். கையில் வந்ததையும் மனைவி ரத்னம்மாவின் நகையையும் போட்டுப் பன்றி வாங்கினார்கள். "இனிமே எந்தக் கம்பெனி பஸ்ஸுக்கும் விடியக்காத்தால போயி நிக்க மாட்டேன் சார்" என்று அவர் பார்க்கிற போதெல்லாம் சொல்வார். அந்த வீட்டில் வேறு சாமி கிடையாது. அந்த ஒரு வைராக்கியம்தான். பேச்சு கன்னடமும் தமிழும் கலந்து ஓடும், பன்றியைத் திட்டுவது மட்டும் தெலுங்கில்.

முதலில் வாங்கிய தாய்ப் பன்றிக்கு 'ஹெச்.ஆர். மேடம்' என்று பெயர். நஞ்சுண்டப்பாவை வேலையை விட்டு அனுப்பிய மேடத்தின் நடை அச்சு அசலாக இதற்கு இருக்கிறதாம். "சார், மேடம் இன்னிக்கி சாப்பிடல, சோர்ந்து படுத்திருக்காங்க" என்று ரத்னம்மா போனில் கத்துவார். டீக்கடையில் பக்கத்தில் நிற்பவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தார்களோ, கடவுளுக்கே வெளிச்சம்.

மேடத்தின் முதல் ஈற்றுக் குட்டிகளுக்குப் பால் மறக்கடித்ததும் வயிற்றுப்போக்கு வந்துவிட்டது. நான் வெள்ளை மூடி கொடுத்தேன். ஆக்சைடு உடம்பில் ஒட்டாவிட்டாலும் குடலுக்குள்ளேயே நின்று அந்த வேலையை நன்றாகச் செய்யும். கொஞ்ச நாள் கொடுத்துவிட்டு நிறுத்திவிட வேண்டும். அப்படியே செய்தார்கள், குட்டிகள் எல்லாம் தேறிவிட்டன. எனக்கே என் தொழில்மீது மரியாதை வந்த நாள் அது. ரத்னம்மா களியும் கீரைக் குழம்பும் போட்டார். பன்றிக் கொட்டகைப் பக்கத்தில் உட்கார்ந்து நான் ருசித்துச் சாப்பிட்ட ஒரே சாப்பாடு.

"எங்க வூட்டுக்காரரு சொன்னாக்கூட யோசிப்பேன் சார். நீங்க சொன்னா கண்ண மூடிக்கிட்டு செய்வேன்."

என்ஜின் ஆயில்

ஆடி மாசம் முடிகிற நேரம். நஞ்சுண்டப்பாவின் பன்றிகளுக்குக் காதோரம், கால், அடிவயிறு எல்லாம் பழுப்பாகச் செதில் கட்ட ஆரம்பித்தது. கிறிஸ்துமஸுக்குப் பெங்களூர் லோடு போக வேண்டும். அந்த ஒரு லோடு நல்லபடியாகப் போனால் நகையை மீட்டுவிடலாம், போகாவிட்டால் கொட்டகையே நிற்காது என்பது அவர்கள் நிலைமை. பார்த்தவர்கள் எல்லோரும் சொறி என்றார்கள். சொறிக்கு ஊசி போட்டார்கள், வேப்பெண்ணெய் தடவினார்கள். கடைசியில் பைக் மெக்கானிக் கடையிலிருந்து கழிவு என்ஜின் ஆயிலை வாங்கிவந்து பூசிவிட்டார்கள். நான் போனபோது மொத்தக் கொட்டகையும் சர்வீஸுக்கு விட்ட வண்டி மாதிரி கறுத்துப்போய் நின்றது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

சொறி என்றால் பன்றி சுவரில் உரசிக்கொண்டே இருக்கும். இவை உரசவில்லை, சிவனே என்று படுத்திருந்தன. தோல் மட்டும் வெடித்து மரப்பட்டை போல ஆகியிருந்தது. ஜிங்க் பத்தவில்லை என்று பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. என்ன தீவனம் என்று கேட்டேன். "நல்ல ஃபேக்டரி தீவனம் சார், முன்ன விட ஒசத்தி" என்று நஞ்சுண்டப்பா நீல பிளாஸ்டிக் டிரம்மைக் காட்டினார். பச்சை மூடி எழுதிக்கொடுத்தேன். சொன்ன அளவு தவறாமல் போட்டார்கள். வாரங்கள் போயின, செதில் ஏறியதே தவிர இறங்கவில்லை. குட்டிகள் வளராமல் நின்றுவிட்டன. பிரவீண் சாருக்குப் போன் போட்டு, எங்கேயோ இடிக்கிறது, போன மாசமே தேறியிருக்க வேண்டும் என்றேன்.

"பச்சை ஒட்டலைன்னா தங்கத்தைக் குடுங்க! அதுக்குத்தானே கம்பெனி மூணு மூடி போட்டு வெச்சிருக்கு?"

தொட்டியடியில் கிளிஞ்சல்

தங்க மூடி டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டுதான் அடுத்த நடை போனேன். ரத்னம்மா தீவனத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அடியில் தங்கிய கசடைத் துடைப்பத்தால் தள்ளும்போது கரகரவென்று சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தால் வெள்ளை வெள்ளையாகக் கிளிஞ்சல் துண்டு. பன்றித் தொட்டியில் கிளிஞ்சலுக்கு என்ன வேலை? கேட்டேன். குருபரப்பள்ளி பக்கம் ஒரு முட்டைக் கோழிப் பண்ணையை மூடிவிட்டார்களாம். மிஞ்சிய தீவன மூட்டைகளைக் குறைந்த விலைக்குத் தள்ளினார்களாம். "தெனமும் ஒரு முட்டை போடற கோழிக்கே தெம்பு குடுக்குதுன்னா பன்னிக்குக் குடுக்காதா சார்?" என்றார் நஞ்சுண்டப்பா பெருமையாக.

நியாயமான கேள்விதான். ஆனால் முட்டைக் கோழித் தீவனத்தில், முட்டை ஓடு கெட்டியாக இருப்பதற்காகச் சுண்ணாம்பும் கிளிஞ்சலும் அள்ளிக் கொட்டியிருப்பார்கள். அவ்வளவு சுண்ணாம்பு பன்றி வயிற்றுக்குள் போனால், தானியத்தில் இருக்கிற சமாசாரத்தோடு சேர்ந்துகொண்டு ஜிங்கைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். பச்சை மூடி என்ன, கையைப் பிடித்துக் கூட்டிப் போகிற தங்க மூடியே போட்டாலும், இவ்வளவு சுண்ணாம்புக்கு முன்னால் பெரும்பகுதி சாணிக்குத்தான் போகும். அவர்கள் இவ்வளவு நாள் ஒரு கையால் ஜிங்க் போட்டு, இன்னொரு கையால் அதைத் தடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு ஒரே சந்தோஷம். பையிலிருந்த தங்க மூடியை வெளியிலேயே எடுக்கவில்லை. "எங்கிட்ட இப்ப எதுவுமே வாங்காதீங்க. இந்தத் தீவனத்த இன்னிக்கே நிறுத்துங்க. பழையபடி தவிடு, மக்காச்சோளம், புண்ணாக்கு போடுங்க. செதில் தானா உதிரும்" என்றேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இவ்வளவு சுத்தமான ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்ததில்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கியிருக்கிறார்கள், அதைக் கொட்டச் சொல்கிறான் ஒருவன். அதுவும் மருந்து விற்கிறவனே மருந்து வேண்டாம் என்கிறான். ரத்னம்மாதான் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"போன மாசம் கட்டாயம் வாங்குங்கன்னீங்க, இந்த மாசம் வாங்காதீங்கங்கறீங்க. நாங்க எந்த மாசத்து சார நம்பறது?"

விலை இல்லாத சரக்கு

உத்தனப்பள்ளியில் ஆர்டர் நின்றதும் பிரவீண் சார் காரை எடுத்துக்கொண்டு நேரில் வந்துவிட்டார். நான் பின்சீட்டில். கொட்டகைக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு சுற்று வந்து, கிளிஞ்சல் பேச்சையே எடுக்காமல், தங்க மூடியைத் திறந்து ரத்னம்மாவின் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி மோந்து பார்க்கச் சொன்னார். ஜிங்குக்கு என்ன வாசனை இருக்கிறது, இவர் சென்ட் விற்கவா வந்தார்? "எங்க பையன் கொஞ்சம் புஸ்தகம் படிப்பான், அதை மனசுல வெச்சுக்காதீங்கம்மா" என்று என்னைக் காட்டிச் சிரித்தார். நான் நடுவில் புகுந்து, "தீவனத்த மாத்தாம இதப் போட்டு பிரயோசனம் இல்லீங்க" என்றேன். நஞ்சுண்டப்பா முதல் தடவையாக என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்: "பெரிய சார் பேசறாரு, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க சார்."

தங்க மூடியை வாங்கினார்கள். கோழித் தீவனத்தில்தான் கலந்து போட்டார்கள். திரும்பும் வழியில் குருபரப்பள்ளியில் காரை நிறுத்தி எனக்கும் ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்தார் பிரவீண் சார். கோபமாகக்கூட இல்லை, அதுதான் எரிச்சல்.

"நீ சொன்னது உண்மைதான் பாஸ். ஆனா உண்மைக்கு எம்.ஆர்.பி. கிடையாதே, எப்படி பில் போடறது?"

தோலோடு தின்கிறவர்கள்

கிறிஸ்துமஸ் லோடுக்குப் பெங்களூரிலிருந்து சேவியர் வந்தார். இந்த வட்டாரப் பன்றிகளை எல்லாம் வாங்கிப் போகும் புரோக்கர். பன்றியைப் பார்த்தாலே எடை சொல்வார். நானும் அன்றைக்கு அங்கே போயிருந்தேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.

ரத்னம்மா விடிவதற்கு முன்பே எழுந்து ஒவ்வொரு பன்றியையும் வெந்நீரும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்திருந்தார். செதில் போன இடமெல்லாம் ரத்தம் கசிந்து நின்றது. சேவியர் கொட்டகை வாசலைத் தாண்டவில்லை. கசாப்புக்கடை ரேட்டில் பாதிகூடச் சொல்லாமல், வேண்டுமென்றால் கொடு என்றார். தீவனத்துக்கே வழியில்லாத வீடு, கொடுக்காமல் என்ன செய்வார்கள்? வண்டி ஏற்றினார்கள். ஹெச்.ஆர். மேடம் பலகைமேல் ஏற மறுத்து, திரும்பித் திரும்பி ரத்னம்மாவிடமே வந்தது. கடைசியில் ரத்னம்மாவே பின்னாலிருந்து தள்ளி ஏற்றினார். ஏற்றிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். இது தொத்து இல்லை, உள்ளே கறி நன்றாக இருக்கும் என்று நஞ்சுண்டப்பா சேவியரிடம் கெஞ்சிப் பார்த்தார். சேவியர் கெட்டவர் இல்லை, பொறுமையாகத்தான் சொன்னார்.

"கறிய யாரு சாமி கேட்டா? எங்காளுங்க தோலோட தின்றவங்க."

மிஞ்சியது

மெலிந்துபோன குட்டிகள் கொஞ்சத்தை சேவியர் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனார். கோழித் தீவனமும் தீர்ந்துவிட்டது. புதிதாக வாங்க வழியில்லை. வீட்டுத் தவிடு, களி மிச்சம், உத்தனப்பள்ளிச் சந்தையில் கழித்த காய் என்று கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள். சுண்ணாம்பு போனதும் செதில் உதிர்ந்துவிட்டது. டப்பா அடியில் மிஞ்சியிருந்த ஜிங்கும் அப்போதுதான் ஒட்டியிருக்கும். தடுப்பதற்குத்தான் எதுவும் இல்லையே.

பொங்கல் கழித்து ராயக்கோட்டையில் நஞ்சுண்டப்பாவைப் பார்த்தேன். பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை. போச்சம்பள்ளி கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். நான் வண்டியை நிறுத்தினேன். அவர் பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வண்டியை எடுத்தேன்.

அன்று சாயங்காலம் ரத்னம்மாவிடமிருந்து போன். பழைய உற்சாகம் இல்லை, ஆனால் திட்டவும் இல்லை. குட்டிகள் தோல் எல்லாம் பளபளவென்று ஆகிவிட்டது, பிரவீண் சார் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார் என்றார். அந்தப் போட்டோ இப்போது என் தோள்பைக்குள்தான் இருக்கிறது. ரத்னம்மாவின் ஒரு கையில் வெள்ளைக் குட்டி, இன்னொரு கையில் தங்க மூடி, முகத்தில் போட்டோவுக்காக வரவழைத்த சிரிப்பு. போகிற பண்ணைக்கெல்லாம் காட்டச் சொல்லி கம்பெனி உத்தரவு. அன்று போனில் நான் தீவனக் கதையை மறுபடி ஆரம்பிக்கப் போனேன். ரத்னம்மா விடவில்லை.

"அந்த டப்பாவ மொதல்லயே குடுத்திருந்தா எங்க மேடம் இருந்திருப்பாங்க சார். நீங்கதான் வேணாம் வேணாம்னு கெடுத்துட்டீங்க."

தோழர்களே, நம் தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அந்த வீட்டில் நான் சொன்ன அரைகுறை எல்லாம் சல்பேட் மாதிரி கரைந்து உடனே உள்ளே ஒட்டிக்கொண்டது, சொன்ன ஒரே ஒரு நிஜம் மட்டும் ஆக்சைடு மாதிரி சாணியோடு போய்விட்டது.